பெட்டி தேடும் பிள்ளைகள்: எழுதிய குறிப்பா, கைத்தொலைபேசியா?

விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளுக்குச் செலவில்லாத விளையாட்டு ஏதும் உண்டா என்று தாய்மார் கேட்பதுண்டு. 'கடிதப்பெட்டித் தேடல்' அத்தகைய ஒன்று. நீர் புகாத சிறு பெட்டியில் ஒரு கொப்பியையும் றப்பர் முத்திரையையும் வைத்து ஒளித்துவிட்டு, வழியைக் குறிப்பாக எழுதிக் கொடுப்பார்கள். கண்டுபிடித்தவர் தனது முத்திரையைப் பெட்டியிலுள்ள கொப்பியிலும், பெட்டியிலுள்ள முத்திரையைத் தன் கொப்பியிலும் பதித்துவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

இது இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பிறந்தது. 1854 இல் ஜேம்ஸ் பெரொட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளம் என்னும் ஒதுக்குப்புறத்தில் ஒரு போத்தலை வைத்தார். அங்குவரை நடந்தவர்கள் தமது பெயர் அட்டையை அதிலிட்டுச் சென்றனர். பின்னாளில் முகவரியிட்ட தபாலட்டையை விட்டுச் செல்வது வழக்கமாயிற்று; அடுத்து வருபவர் அதைத் தபாலில் சேர்ப்பார்.

2000 மே மாதத் தொடக்கத்தில், செய்மதி மூலம் இடமறியும் ஜி.பி.எஸ். முறையில் பொதுமக்களுக்கென வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. உடனேயே, மே 3 இல், ஒரேகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்து, அதன் அகலக்கோட்டு, நெடுங்கோட்டு எண்களை வெளியிட்டார். இன்று கைத்தொலைபேசியே சில மீற்றர் கிட்ட வரை கொண்டுபோய்விடும்.

எமது ஊரில் யோசிக்க வேண்டியது வேறு. யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனால் தெரியாத பொருளைத் தொடாதே, பற்றைக்குள் இறங்காதே என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம்? வாசிகசாலை வளவொன்றில் இதை நடத்தினோம். பெட்டியை எல்லோருக்கும் முதலில் காட்டிவிட்டுத்தான் ஒளித்தோம். இருந்தும் பூச்சாடிக்குப் பின்னால் அதைக் கண்ட சிறுமி கை வைக்கவில்லை. பின்வாங்கி நின்று பெரியவர்களைக் கூப்பிட்டாள். அவளைப் பாராட்டினோம்.

டார்ட்மூரிலும் இராணுவச் சூட்டுப் பயிற்சி நிலங்கள் உள்ளன. கிரான்மியர் குளமே அதற்குள்தான் இருக்கிறது. சூட்டுப் பயிற்சி நாட்களில் சிவப்புக்கொடி பறக்கும்; கிடக்கும் உலோகப் பொருளைத் தொடவேண்டாம் என்று எச்சரிப்பார்கள்.

கைத்தொலைபேசி இடத்தைக் காட்டும். அந்த நிலம் துப்புரவாக்கப்பட்டதா, யாருடைய வளவு என்பதைக் காட்டாது. குறிப்பு எழுதுபவரோ அந்த வழியைத் தானே நடந்து பார்த்தாக வேண்டும். அதனால்தான் எமக்குப் பழைய முறையே பொருந்தும் என்கிறேன். இன்னொரு நன்மையும் உண்டு. "கன்னியாவில் எத்தனை வெந்நீர்க் கிணறு? எங்கள் கிணற்றடியிலிருந்து கோணேசர் கோயில் இருக்கும் திசையில் அத்தனை அடி நட" என்று எழுதினால், பிள்ளை அம்மம்மாவிடம் போய்க் கேட்கும். ஏழு என்று சொல்லிவிட்டு அம்மம்மா அத்துடன் நிறுத்தப் போவதில்லை!

செயலி என்றால் கணக்குத் திறக்க வேண்டும். போகும் இடமும் பதிவாகும். குமர்ப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சின்ன விடயமல்ல. கொப்பியில் உண்மைப் பெயர் வேண்டியதில்லை. ஒரு புனைபெயரும் முத்திரையும் போதும். முத்திரையை அழிறப்பரில் செதுக்கலாம். எழுத்தென்றால் இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பிளேட் பெரியவர் கையில் இருக்கட்டும். கைத்தொலைபேசியிலுள்ள திசைகாட்டியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

வீட்டு வளவு, பாடசாலை, வாசிகசாலை போன்ற தெரிந்த இடங்களே போதும், பொறுப்பானவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணில் புதைக்க வேண்டாம். கோட்டைப் பக்கமோ, பஸ் நிலையத்திலோ, கடற்கரையிலோ வைக்கவே வேண்டாம். ஆளில்லாத பெட்டியைக் கண்டால் இன்றும் சனம் பயப்படும், பொலிஸும் வரும். மாலையில் வைத்த பெட்டிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.