ஒபரேசனுக்குத் திகதி கிடைத்தாயிற்று, இரத்தம் போதுமா?

1979இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. சிலருக்கு இரும்புச்சத்தும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, அவர்கள் பறிக்கும் கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு, இரும்புச்சத்தால் ஈமோகுளோபின் கூடி இரத்தம் ஏறியவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். அந்த ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்தவர்களிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம். அந்த ஆய்வு அளந்தது உழைப்பை. அதே இரத்தம் சத்திரசிகிச்சையின் முடிவை எப்படி மாற்றுகிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அவை நம் தோட்ட லயன்களுக்குப் போய்ச் சேரவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

குறைந்த இரத்தம், கூடிய ஆபத்து

2011இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, இருதயம் தவிர்ந்த பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு உள்ளான 227,425 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. அவர்களில் ஏறக்குறைய 30 சதவீதமானோருக்கு முன்கூட்டியே இரத்தச்சோகை இருந்தது. 30 நாட்களுக்குள் மரணமும் சிக்கல்களும் அவர்களிடம் அதிகம். வயது, வேறு நோய்கள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. இலேசான சோகைகூட ஆபத்தைக் கூட்டியது என்பதுதான் இதில் மறக்கக்கூடாத செய்தி. "கொஞ்சம் இரத்தம் குறைவு, பரவாயில்லை" என்று நாம் தள்ளிவிடும் நிலை அது.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழும், ஆணுக்கு 13க்குக் கீழும் போனால் சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணியின் எல்லை பொதுவாக 11. காயம் ஆற ஒட்சிசன் வேண்டும். அதைச் சுமந்து வருவது ஈமோகுளோபின். அது குறைவாக உள்ள உடம்பில், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் இரத்த இழப்பே பெரும் நெருக்கடியாகிவிடும்.

"குறைந்தால் ஏற்றிக்கொள்ளலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். இரத்தம் ஏற்றுவது உயிர் காக்கும். ஆனால் அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பு நாளம் வழியாக இரும்புச்சத்து செலுத்தினால் போதுமா என்று பிரித்தானியாவில் சோதித்தார்கள். பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 487 பேரிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2020இல் வந்தது: இரத்தம் ஏற்றும் தேவையோ மரணமோ குறையவில்லை. கடைசி நேர ஊசியை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். ஹேர்னியா, கர்ப்பப்பைக் கட்டி, பித்தப்பைக் கல் போன்றவற்றுக்குத் திகதி கிடைக்கப் பெரும்பாலும் மாதக்கணக்காகும். இரத்தத்தைத் தேற்றுவதற்கு உரிய காலம் அந்தக் காத்திருப்புத்தான்.

அவசரச் சத்திரசிகிச்சைக்கு இது பொருந்தாது. வெடித்த குடல்வாலோ, அவசர சிசேரியனோ இரத்தம் ஏறும்வரை காத்திருக்காது. புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையையும் நாமாகத் தள்ளிப்போடக் கூடாது.

சோறும் தேத்தண்ணியும்

2016ஆம் ஆண்டின் தேசிய சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறக் குழந்தைகளில் 31.7 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதும் எடுத்தால் இது 17.3 சதவீதம்தான். இப்படிக் குழந்தையிலேயே குறைப்பட்டு வளரும் பெண், மாதவிடாயிலும் பிரசவங்களிலும் இரத்தத்தை இழந்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன் ரொட்டியும் சம்பலும் தின்று மலையேறுகிறாள். அவளைப் பார்த்து "நல்லாச் சாப்பிடு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது வைத்தியம் ஆகாது.

நாம் வளர்க்கும் தேயிலைக்கும் இதில் பங்குண்டு. 1970களில் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் சோற்றுணவோடு தேநீர் கொடுத்துப் பார்த்தபோது, உடம்பில் சேரும் இரும்புச்சத்து வெகுவாகக் குறைந்தது. தேயிலையின் துவர்ப்பைத் தரும் தனின்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்வதே காரணம். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே வேண்டாம். தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்ச் சாறோடு எடுங்கள். நெத்தலி, ஈரல், முட்டை, பருப்பு, கீரை என்று கைக்கெட்டியதைச் சேருங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மாத்திரையால் மலம் கறுக்கும், வயிறு பிரட்டும். அதற்குப் பயந்து நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. கொக்கிப்புழு, அதிக மாதவிடாய், வயிற்றுப்புண்ணிலிருந்து கசியும் இரத்தம், பரம்பரையாக வரும் தலசீமியா என்று காரணங்கள் பல. வயதான ஆணுக்குச் சோகை என்றால், இரத்தம் எங்கே போகிறது என்று தேடியே ஆக வேண்டும். கடையில் சத்து மாத்திரை வாங்கி ஓய்ந்துவிடாதீர்கள்.

புகையிலையையும் சொல்லியாக வேண்டும். சத்திரசிகிச்சைக்கு 4 வாரங்கள் முன்பே புகைப்பதை விட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வெற்றிலையோடு போடும் புகையிலையையும் அந்தத் தருணத்தில் விட்டுவிடுங்கள்.

தியேட்டருக்குள்

2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், புதுடில்லி உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலைச் சோதித்திருந்தார்கள். நோயாளி யார், எந்தப் பக்கம் வெட்ட வேண்டும், ஒவ்வாமை உண்டா, கருவிகள் எண்ணப்பட்டனவா என்று ஊழியர்கள் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளும் பட்டியல் அது. மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2022இல் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், வயிற்றுக் காயத்தைத் தைத்து மூடும் முன் கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றியபோது, காயத்தில் கிருமி தொற்றுவது 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது.

ஆகவே உங்கள் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். முதல்நாள் அல்லது அன்று காலை சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். வீட்டில் பிளேடால் மயிர் மழிக்காதீர்கள். மழித்தால் ஏற்படும் நுண்ணிய கீறல்களில் கிருமி குடியேறும்.

டிக்கட் வெட்டி வீடு வந்த பிறகு

உலகில் ஆண்டுதோறும் சுமார் 42 இலட்சம் பேர் சத்திரசிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறக்கிறார்கள் என்று 2019இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்த 30 நாட்களில் பெரும்பகுதியை நம் நோயாளி வார்ட்டில் கழிப்பதில்லை; லயன் அறையில், விறகடுப்புப் புகைக்குப் பக்கத்தில், படிக்கட்டும் சரிவும் உள்ள இடத்தில் கழிக்கிறார். அன்றைய வேலைக்குப் பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை என்பதால் தையல் காயும் முன்பே கூடையைத் தூக்குகிற பெண்களும் உண்டு. எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பதை வைத்தியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் துண்டைத் தோட்ட நிர்வாகம் மதிக்க வேண்டும். மதிக்காவிட்டால் தொழிற்சங்கம் தலையிட வேண்டும். சம்பளப் பேச்சில் காட்டும் உறுதியைத் தலைவர்கள் இதிலும் காட்டட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வார்ட்டை விட்டு இறங்கும் முன்பே தமிழ் தெரிந்த தாதியிடமோ ஊழியரிடமோ அதை விளக்கச் சொல்லுங்கள். என்ன செய்தார்கள், எந்த மருந்தை எத்தனை நாள் எடுப்பது, அடுத்த கிளினிக் எப்போது, ஈமோகுளோபின் எவ்வளவு என்று கேட்பது உங்கள் உரிமை.

காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது பரவும் சிவப்பு, தையல் விலகுதல், நிற்காத வாந்தி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் மஞ்சள் பூசிக் காத்திருக்காதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு நாளைக் கடத்தாமல் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, எது கிட்டவோ அங்கே போங்கள். மூச்சுத்திணறல் என்றால் வாகனம் தேடி அலையாமல் உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.