கீபோர்டை லேப்டாப்பில் இணைத்தும் சத்தம் பதிவாகலையா? ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மதுரையில் இருக்கும் என் பெரியப்பா, இருபது வருஷத்துக்கும் மேல் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று அவர் ஏறாத மேடை இல்லை. இப்போது வயது 71. விரல் மூட்டுகளில் வலி. அவரே மெட்டுப் போட்ட பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் எந்த கேசட்டிலும் இல்லை, சி.டி-யிலும் இல்லை. "விரல் சொன்ன பேச்சு கேக்குறப்பவே எதுலயாவது புடிச்சு வெச்சிருடா" என்று அவர் கேட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு போய் இறங்கினேன்.

கீபோர்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே யுஎஸ்பி கேபிளைச் செருகினேன். ஆடாசிட்டியைத் திறந்து சிவப்பு பட்டனை அழுத்தினேன். மனுஷன் ஒன்றரை மணி நேரம் வாசித்தார். திரும்பப் போட்டுக் கேட்டால், ஃபேன் சத்தம், குக்கர் விசில், எங்கோ தூரத்தில் கீபோர்டு. லேப்டாப் தன்னோட சொந்த மைக்கில் அறையின் சத்தத்தைத்தான் பதிவுசெய்திருக்கிறது. கேபிள் வழியாக ஒன்றுமே வரவில்லை. ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "உள்ளே போர்டு போயிருச்சு சார், மாத்தணும், நாலாயிரம் ஆகும்" என்றார்கள். நல்லவேளை, அன்றைக்குக் கையில் பணம் இல்லை. கீபோர்டில் ஒரு கோளாறும் இல்லை என்பது அடுத்த வாரம்தான் புரிந்தது.

கேபிளில் போவது சத்தம் இல்லை!

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான வீட்டு கீபோர்டுகளில் யுஎஸ்பி கேபிள் வழியாகப் போவது இசை இல்லை, 'மிடி' எனப்படும் தகவல். எந்தக் கட்டையை அழுத்தினீங்க, எவ்வளவு வேகமா அழுத்தினீங்க, எப்போ விட்டீங்க, அவ்வளவுதான். அழுத்தும் வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஒரு எண். பாட்டு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாடப் பாட ஸ்வரத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளும் சிஷ்யன் மாதிரி. நோட்டைக் காதில் வைத்தால் பாட்டு கேட்காது. யாராவது அதைப் பார்த்து வாசித்தால்தான் கேட்கும்.

இது நேற்று வந்த தொழில்நுட்பமும் இல்லை. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுடாரோ காகேஹாஷி இருவரும் முன்னின்று கொண்டுவந்தது. 1983 ஜனவரியில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைத்துக் காட்டினார்கள். 30 வருஷம் கழித்து, 2013-ல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள்.

ஆக, நான் செய்த தப்பு ரெண்டு. ஆடாசிட்டி ஒலியைப் பதிவுசெய்யும் சாஃப்ட்வேர், மிடியைப் பதிவுசெய்யாது. அதில் எந்த மைக்கிலிருந்து பதிவாகுது என்றும் நான் பார்க்கவில்லை.

மிடிக்கு வேறு சாஃப்ட்வேர் வேண்டும். ஆப்பிள் கம்ப்யூட்டர், ஐபேட் என்றால் கராஜ்பேண்ட் இலவசம், ஆரம்பிக்க அதுவே போதும். விண்டோஸ் என்றால் வேவ்ஃபார்ம் ஃப்ரீ இருக்கிறது. நான் பயன்படுத்துவது ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பழகிப் பார்க்கலாம், பிடித்தால் பணம் கட்டலாம். ஆனால், இதில் எழுதி வைத்த ஸ்வரத்தை வாசிக்க ஒரு 'வாத்தியம்' உள்ளே வேண்டும். டீசன்ட் சாம்ப்ளர் என்ற இலவச ப்ளேயரைப் போட்டு, அதற்கான பியானோ ஒலிகளை இறக்கிக்கொண்டால் போதும். இந்தப் படி தெரியாமல்தான் பலரும், 'திரையில் கோடு கோடா விழுது, சத்தம் வரலையே' என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

கடையில் என்ன கேட்பது?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்க ஊர் கம்ப்யூட்டர் கடையிலோ போய் 'கீபோர்டு கேபிள்' என்று கேட்டுவிடாதீங்க, டைப் அடிக்கிற கீபோர்டைக் காட்டுவார்கள். 'பிரிண்டர் கேபிள்' என்று கேளுங்க. கீபோர்டின் பின்னால் 'டு ஹோஸ்ட்' என்று எழுதிய சதுரமான துளை இருந்தால் அதுதான் வேண்டும். புது மாடல் சிலவற்றில் போன் சார்ஜர் மாதிரி துளை இருக்கும். தட்டையான இன்னொரு துளை பென் டிரைவுக்கானது, அதில் லேப்டாப்பை இணைக்க முடியாது. பழைய மாடலில் யுஎஸ்பியே இல்லாமல், 5 பின் உள்ள வட்டத் துளைகள் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். யுஎஸ்பி-மிடி கேபிள் தனியாகக் கிடைக்கிறது. கீபோர்டின் 'அவுட்' கம்ப்யூட்டருக்கு 'இன்' ஆகவேண்டும். வேலை செய்யலைன்னா ரெண்டு முனையையும் மாற்றிச் செருகிப் பாருங்க.

இணைத்ததும் ரீப்பரின் செட்டிங்கில் மிடி பகுதியில் உங்க கீபோர்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்க. தெரிந்தால் அதை எனேபிள் செய்யணும். தெரியவில்லை என்றால், கீபோர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான டிரைவரை இறக்குங்க.

"நான் அடிச்ச பெறகுல சத்தம் வருது!"

பெரியப்பா இப்படித்தான் கத்தினார். கட்டையை அழுத்துவதற்கும் கம்ப்யூட்டர் ஒலியை உருவாக்குவதற்கும் நடுவே ஆகும் தாமதம் இது. செட்டிங்கில் 'பஃபர்' என்று ஓர் எண் இருக்கும். அது 1024 என்றால், நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது, அதற்கு மட்டுமே சுமார் 23 மில்லிசெகண்ட் தாமதம். 256-க்குக் குறைத்தால் 6 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். ரொம்பக் குறைத்தால் 'டப் டப்' என்று வெடிக்கும், அப்போது ஒரு படி ஏற்றுங்க. விண்டோஸில் ஏஷியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டால் நல்ல முன்னேற்றம் தெரியும். ப்ளூடூத் ஹெட்போனை மட்டும் தயவுசெய்து கழற்றி வைத்துவிடுங்க. அதில் வரும் தாமதத்தை எந்த செட்டிங்காலும் சரிசெய்ய முடியாது.

மிடியால் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. வேகமான இடைஇசையை அவரால் இப்போது அதே வேகத்தில் வாசிக்க முடியாது. மெட்ரோனோம் வேகத்தைக் குறைத்துப் பொறுமையாக வாசிக்கச் சொன்னேன். அப்புறம் வேகத்தைக் கூட்டினேன். சுருதி மாறவில்லை. தவறி விழுந்த ஒரு ஸ்வரத்தை மவுஸால் நகர்த்திச் சரிசெய்தேன். "அட, இது கள்ளாட்டம்ல!" என்றார், சிரித்துக்கொண்டே.

ஆனால், ஒரு குறை சொன்னார். "இது பியானோ வாசிக்குது, நான் வாசிக்கல." உண்மைதான். அவர் மேடையில் பயன்படுத்திய ஃப்ளூட் டோன், கீபோர்டுக்கு உள்ளே இருக்கும் ரிதம், இதெல்லாம் அந்தப் பெட்டியின் ஒலிகள். மிடியில் அந்த ஒலி வராது. ரிதமின் தகவல் வருமா என்பதும் மாடலைப் பொறுத்தது. கமகத்துக்கு அவர் திருகும் வீல்கூட சொதப்பியது. அவர் கீபோர்டில் நாலு அரைஸ்வரம் வளையும்படி வைத்திருந்தார், சாஃப்ட்வேரில் இரண்டு. குழைய வேண்டிய இடம் பாதியில் நின்றது. இரண்டு பக்கமும் ஒரே எண் வைத்தபிறகுதான் சரியானது.

அதனால் ஒலியையும் தனியாகப் பிடிக்கணும். முதலில் மேனுவலில் 'யுஎஸ்பி ஆடியோ' என்று இருக்கிறதா பாருங்க. இருந்தால் யோகம், அதே கேபிளில் சத்தமும் வரும், ஆடாசிட்டியே போதும். சில மாடல்கள் பென் டிரைவிலேயே நேரடியாகப் பதிவுசெய்யும். இரண்டும் இல்லை என்றால், கீபோர்டின் ஹெட்போன் துளையிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டிக்குக் கேபிள் போடணும். வாங்கும்போது, 'லைன் இன்புட் ரெண்டு இருக்கா' என்று கேளுங்க. ஒன்றுதான் இருந்தால் ஸ்டீரியோ கிடைக்காது. காசை மிச்சம் பிடிக்க லேப்டாப்பின் ஹெட்செட் துளையில் நேராகச் செருகாதீங்க. அது மைக்குக்கானது, சத்தம் கரகரவென்று உடையும்.

பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. எங்களுக்கு அதில் நின்றது. எர்த் பின்னை உடைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீங்க, ஷாக் அடித்துவிடும். மீட்டர் சிவப்பைத் தொடாமல், மைனஸ் 12 பக்கத்தில் ஆடும்படி அளவு வைத்தால் போதும்.

இப்போது நாங்கள் ரெண்டையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்கிறோம். ரீப்பரில் ஒரு டிராக்கில் மிடி, இன்னொன்றில் ஒலி. பெரியப்பா காதில் கேட்பது, இன்டர்ஃபேஸ் வழியாக நேராக வரும் கீபோர்டின் சொந்தச் சத்தம் என்பதால் தாமதப் புகாரும் இல்லை. ஒலி ஃபைல் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி, அஞ்சு நிமிஷப் பாட்டுக்கு 50. மிடி ஃபைல் ஒரு போட்டோ அளவுகூட இருக்காது. ரெண்டையும் லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு பிரதி வைத்திருக்கிறோம்.

இதுவரை ஏழு பாட்டு முடிந்திருக்கிறது. ஹெட்போனை மாட்டியதும் இப்போதெல்லாம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சிவப்பு பட்டன் அமுக்கிட்டியாடா? எந்த மைக்குன்னு பாத்தியா?"