வலை போனால் வாங்கலாம்!

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள் நான். வாழ்க்கைப்பட்டது சென்னையில். மாசி மாதம் ஒரு நாள், தம்பி மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. மசக்கைக்காரிக்குப் பிடிக்குமே என்று நார்த்தங்காய் ஊறுகாயோடு கிளம்பினேன்.

போனால், வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பைக் காணோம். கடன் வாங்கி வாங்கிய வலை கடலடியில் எதிலோ மாட்டிக் கொண்டதாம்.

"அங்க பழைய கப்பல் ஒண்ணு கெடக்குதுன்னு தாத்தா காலத்துலேருந்தே சொல்லுவாங்கக்கா. மீனும் அங்கதான் மொய்க்கும், வலையும் அங்கதான் மாட்டும். நாளைக்கு எறங்கி எடுத்துடறேன்" என்றான் தம்பி. கம்ப்ரஸரிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கத் திட்டம். அவனுக்கோ நல்ல ஜலதோஷம்!

"நீங்க சொன்னாத்தான் கேப்பாரு, அண்ணி" என்று அவள் கண் கலங்கினாள்.

தாத்தா சொன்னதை வெறும் கதை என்று தள்ள முடியாது. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ஏரியின் முகத்துவாரத்தில் ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். நம் கடற்கரையில் கப்பல் மூழ்கியதற்குச் சாட்சியும் உண்டு. பூம்புகாருக்கு அப்பால், சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு கப்பலை ஆராய்ந்த தேசியக் கடலியல் நிறுவனத்தார், 1791, 1792 என்று பொறித்த ஈயக் கட்டிகளைக் கண்டெடுத்தார்கள். ஆனால் அவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். என் தம்பி?

சென்னையில் எங்கள் தெருவில் கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"கோலி சோடாவைத் திறந்தா பொங்குதே, ஏம்மா?" என்று கேட்டார் அவர். "உள்ளே அழுத்தத்துல கரைஞ்சிருந்த வாயு, அழுத்தம் குறைஞ்சதும் குமிழியா வெளியே வருது. நம்ம ரத்தத்திலும் அதேதான்!"

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் அது குமிழியாகி மூட்டு வலி, மரத்துப் போதல், சில சமயம் பக்கவாதம்கூட வரும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தாலோ நுரையீரலே கிழியலாம். ஆகவே நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் தங்கி வர வேண்டும்.

ஜலதோஷம் இருந்தால் இறங்கவே கூடாது. காதுக்குள் அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை கிழியும். கம்ப்ரஸர் எஞ்சினின் புகை குழாயில் கலந்தால் அது விஷக்காற்று.

மூழ்கிய கப்பலில் ஆபத்து இன்னும் அதிகம். துருப்பிடித்த இரும்பு கத்தி போல அறுக்கும். பழைய வலைகள் ஆளையே சிக்க வைக்கும். உள்ளே நுழைந்து வண்டல் கிளம்பினால் வந்த வழி தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வெள்ளம் முகத்துவாரம் வழியே கடலைக் கலக்கிவிடும். மாசி, பங்குனியில் தண்ணீர் தெளியலாம். ஆனால் மேலே அமைதியாக இருந்தாலும் அடியில் நீரோட்டம் இழுக்கும்.

ஆழமும் முக்கியம். ஸ்கூபாவில் முதல் கட்டப் பயிற்சி முடித்தவர்களுக்கே 18 மீட்டர்தான் எல்லை. 1942-ல் இலங்கை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய 'ஹெர்மிஸ்' போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே போவது விசேஷப் பயிற்சி பெற்றவர்களால்தான் முடியும்.

இப்போது புதுச்சேரி போன்ற ஊர்களில் ஸ்கூபா பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். இவற்றை மட்டும் கேளுங்கள்:

* டாக்டர் பரிசோதனை ஆயிற்றா? ஆஸ்துமா, இருதயக் கோளாறு, காது நோய், வலிப்பு இருந்தால் மறைக்கக் கூடாது.
* கூட இறங்கும் துணை யார்?
* படகில் ஆக்ஸிஜன் இருக்கிறதா?
* ஊர் திரும்புவது விமானத்திலா? குறைந்தது 18 மணி நேரம் போகட்டும்.

மேலே வந்தபின் மூட்டு வலி, மயக்கம், மரத்துப் போதல் என்றால் தைலம் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். மறுபடி தண்ணீரில் இறக்கவும் கூடாது. ஆக்ஸிஜன் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கடலில் முக்குளித்தவர் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரியவர் பேசியதையெல்லாம் தம்பியும் பக்கத்திலிருந்து கேட்டான். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மனைவியைப் பார்த்தான். "சரி, வலையை அறுத்து விட்டுடறேன்" என்றான். அந்தக் கடன் இன்னும் அடைபடவில்லை. என் வளையல் ஒரு ஜோடி அடகுக் கடையில் இருக்கிறது. இருக்கட்டுமே! வலை போனால் வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. கர்ப்பிணிகள் ஸ்கூபாவில் இறங்கவே கூடாது. வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆபத்து. முழுகாமல் இருப்பவள் முழுகாமலே இருக்க வேண்டும் என்று நான் சொன்னதும், அன்று முதல் தடவையாக அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.