மூன்று நிமிஷம் உங்களுக்கு!

'ஏங்க, ஒரு சமாசாரம் சொல்லணும்' என்று நாம் ஆரம்பித்து, குறுக்கே பேசாமல், செல்போனை நோண்டாமல், முழுசாக மூன்று நிமிஷம் யாராவது நம் பேச்சைக் கேட்டதுண்டா? யோசித்துப் பாருங்கள். எனக்கு நினைவு தெரிந்து இல்லை. இரண்டாவது வாக்கியத்திலேயே 'சரி, காபி ஆச்சா?' என்று வந்துவிடும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் இந்த மூன்று நிமிஷத்தை வைத்தே ஒரு கலையை உண்டாக்கிவிட்டார்கள். அதற்குப் பெயர் 'போயட்ரி ஸ்லாம்'. கவிதைப் போட்டிதான். ஆனால் நம் கவியரங்கம் மாதிரி தலைவர், வரவேற்புரை, பொன்னாடை எதுவும் கிடையாது. பெயர் கொடுத்தவர் யாராக இருந்தாலும் மேடை ஏறலாம். கவிதை அவரே எழுதியதாக இருக்க வேண்டும். பக்கவாத்தியம் கூடாது, வேஷம் கூடாது, கையில் எந்தச் சாமானும் கூடாது. 3 நிமிஷம், அதற்கு மேல் சலுகையாக 10 விநாடி. அதையும் தாண்டினால் மார்க் குறையும்.

மார்க் போடுவது யார் என்கிறீர்கள்? பண்டிதர்கள் இல்லை. வந்திருக்கும் கூட்டத்திலிருந்து யாரோ ஐந்து பேர்! கவிதை என்றால் காத தூரம் ஓடுகிறவராகக்கூட இருக்கலாம். ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை போடுவார்கள். அதில் மிக அதிகமான மார்க்கையும் மிகக் குறைந்த மார்க்கையும் தள்ளிவிட்டு, பாக்கி மூன்றைக் கூட்டுவார்கள். ஆக முழு மார்க் 30. சிநேகிதி என்று ஒருத்தி அள்ளிப் போட்டாலும், ஆகாதவள் என்று இன்னொருத்தி கிள்ளிப் போட்டாலும், இரண்டும் அடிபட்டுப் போகும். கோலப்போட்டி நடத்துகிற நம் மாதர் சங்கங்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். (போன வருஷம் பட்டது போதும்!)

இதை ஆரம்பித்தவர் மார்க் ஸ்மித். கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். கவிதை படிப்பது என்றாலே தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தைப் பார்த்து முணுமுணுப்பது, கேட்பவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கை தட்டுவது என்று இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. 1984-ல் ஒரு சின்ன விடுதியில் வேறு விதமாக நடத்திப் பார்த்தார். பிறகு 1986 ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'கிரீன் மில்' என்ற இடத்தில் ஸ்லாம் பிறந்தது.

கிரீன் மில் சாதாரண இடமில்லை. நகரின் வடபகுதியில், பிராட்வேயும் லாரன்ஸ் அவென்யூவும் சந்திக்கிற முனையில் இருக்கும் பழைய ஜாஸ் விடுதி. 1920-களில் அல் கபோன் என்கிற பிரசித்தி பெற்ற தாதாவின் ஆட்கள் வளைய வந்த இடம். அங்கே போய்க் கவிதை!

கேட்கிறவர்களும் சாதுக்கள் அல்ல. 'என் பெயர் மார்க் ஸ்மித்' என்று அவர் ஆரம்பித்த உடனே மொத்தக் கூட்டமும் 'அதனாலென்ன!' என்று கத்தும். இது அங்கே சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. மேடையில் நிற்பவர் யாராக இருந்தால் என்ன, சரக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கவிதை இழுத்தால் விரலைச் சொடுக்குவார்கள். இன்னும் இழுத்தால் காலால் தரையைத் தட்டுவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு வழக்கம். பெண்களை மட்டமாகப் பேசும் வரி ஒன்று வந்ததோ இல்லையோ, கூட்டத்தில் இருக்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து 'உஸ்ஸ்ஸ்' என்று பாம்பு மாதிரி சீறுவார்கள்! பதிலுக்கு ஆண்கள் உறுமுவதும் உண்டு. நம் சினிமாக் கொட்டகைகளில் இந்த வழக்கம் வந்தால் சீறிச் சீறியே நமக்கு வாய் வலித்துவிடும்.

இங்கிருந்து ஸ்லாம் மற்ற ஊர்களுக்குப் பரவியது. நியூயார்க்கில் நியூயோரிக்கன் கஃபே பிடித்துக்கொண்டது. 1990-ல் சான்பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது.

ஆனால் சிகாகோவுக்குக் கவிதை திடீரென்று வந்துவிடவில்லை. அந்த ஊரில் கவிதைக்கு இடம் தேடிக்கொடுத்தவர்களில் பெண்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1912-ல் ஹாரியட் மன்றோ என்ற பெண்மணி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கவிதைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்க நினைத்தார். கையில் பணமில்லை. ஊரிலுள்ள வியாபாரிகள், வக்கீல்கள் எனப் பெரிய மனிதர்களைத் தேடிப் போனார். 'வருஷத்துக்கு 50 டாலர் வீதம் ஐந்து வருஷம் கொடுங்கள்' என்று கேட்டு, இப்படி நூறு பேரைச் சேர்த்தார்! 'போயட்ரி' என்ற அந்தப் பத்திரிகை நூறு வயதைத் தாண்டி இன்னமும் வந்துகொண்டிருக்கிறது.

அடுத்தவர் க்வெண்டலின் புரூக்ஸ். கறுப்பினப் பெண். ஏழைக் குடும்பம். சின்ன வயசிலேயே கவிதை எழுத ஆரம்பித்துவிட்டார். பெண் குழந்தை என்றால் பாத்திரம் கழுவு, பெருக்கு என்றுதானே சொல்வோம்? அவருடைய அம்மா அப்படிச் சொல்லவில்லை. 'நீ எழுது' என்று வீட்டு வேலையிலிருந்து அவரை விடுவித்தார். அந்தத் தாய் எத்தனை நாள் இரண்டு பேர் வேலையைத் தனியாகச் செய்தாரோ! கல்யாணமாகி, கைக்குழந்தையோடு குடித்தனம் நடத்திக்கொண்டே எழுதினார் புரூக்ஸ். ஒற்றை அறைக் குடித்தனங்களையும், நான்கைந்து குடும்பத்துக்குப் பொதுவான குளியலறையையும்கூட அவர் கவிதையில் கொண்டுவந்தார். 1950-ல் புலிட்சர் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். செய்தி வந்தபோது வீடு இருட்டாக இருந்ததாம். கரண்ட் பில் கட்டவில்லை!

பிற்காலத்தில் இல்லினாய் மாநிலத்தின் ஆஸ்தானக் கவிஞராக, 1968 முதல் 2000-ல் காலமாகும் வரை இருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதைப் போட்டி வைத்து, பரிசுப் பணத்தைத் தன் கையிலிருந்தே கொடுத்தார். கரண்ட் பில்லுக்குக் கஷ்டப்பட்டவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே சிகாகோவில் பிறந்த பட்ரீஷியா ஸ்மித், ஸ்லாம் மேடையிலேயே வளர்ந்தவர். தேசியப் போட்டியில் தனிநபர் பட்டத்தை நான்கு முறை வென்றார். 'மதுக்கடையில் கூச்சல் போடுவதெல்லாம் கவிதையா?' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஹரால்டு ப்ளூம் என்ற பெரிய விமர்சகர், கலை செத்துப் போவதே இதுதான் என்கிற அளவுக்குப் போனார். ஆனால் 2021-ல் பட்ரீஷியா ஸ்மித்துக்கு 1 லட்சம் டாலர் ரூத் லில்லி பரிசு கிடைத்தது. கொடுத்தது யார் தெரியுமா? ஹாரியட் மன்றோ ஆரம்பித்த அதே 'போயட்ரி' பத்திரிகையை இப்போது நடத்தும் நிறுவனம்தான்.

ப்ளூம் சொன்னதில் கொஞ்சமும் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மார்க் என்று வந்துவிட்டால் உரக்கக் கத்துகிறவருக்கே சாதகம். மெதுவாக, மனசுக்குள் இறங்குகிற கவிதை ஐந்து பேர் முன்னால் தோற்றுப்போகும். சொந்தக் கஷ்டத்தைச் சொல்லிக் கண்ணீர் வரவழைத்தால் ஜெயிக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுவதும் உண்டு. ஆனாலும், பிள்ளைகள் விஷயத்தில் இந்த மேடை செய்த காரியத்தைப் பார்க்கும்போது குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிகாகோ பிரிந்து கிடக்கிற ஊர். வெள்ளையர் பேட்டை, கறுப்பர் பேட்டை, மெக்சிகோக்காரர் பேட்டை என்று தெருவே பேசும். ஒரு பேட்டைப் பிள்ளை அடுத்த பேட்டைக்குள் காலெடுத்து வைக்காமலே வளர்ந்துவிட முடியும். 2001-ல் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காக 'லவுடர் தேன் எ பாம்' என்ற ஸ்லாம் திருவிழாவை ஆரம்பித்தார்கள். வெடிகுண்டைவிட உரத்த குரல் என்று அர்த்தம். சில வருஷங்களிலேயே 60-க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து 600-க்கும் அதிகமான பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். 2008-ஆம் வருஷப் போட்டியைப் பின்தொடர்ந்து எடுத்த டாக்குமெண்டரி 2010-ல் வெளிவந்தது. வாய்ப்புக் கிடைத்தால் வீட்டில் பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அப்பா இல்லாத வீடு, குடிக்கிற அம்மா, நோய்ப்பட்ட தம்பி என்று சொந்த வீட்டில்கூடச் சொல்ல முடியாததை அந்தப் பிள்ளைகள் மேடையில் சொல்கிறார்கள். எதிர் அணிப் பிள்ளைகளே எழுந்து நின்று கை தட்டுகிறார்கள்.

அதைப் பார்த்த பிறகு எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சாப்பாடு ஆனதும், இட்லிக்கு வைக்கிற டைமரை நடுக்கூடத்தில் வைத்தேன். ஆளுக்கு 3 நிமிஷம். பையன் கணக்கு வாத்தியாரைப் பற்றி எழுதி எங்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தான். பெண், தன் சிநேகிதி ஒருத்தி பேசாமல் போனதைச் சொன்னாள். அது இரண்டு மாசமாக அவள் மனசில் கிடந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

கடைசியில் நான். மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு எப்படி இருக்கும் என்று எழுதியிருந்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை. இவர் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பையன் 6, பெண் 7, இவர் 7.5, எதிர் ஃப்ளாட் மாமி 8. மாமியார் 10 போட்டார். அதிகபட்ச மார்க் என்று விதிப்படி அதைத் தள்ளிவிட்டார்கள்!