மூக்கை மூடி உழைப்பவர்கள்

முகமூடி என்றால் ஒரு காலத்தில் நமக்குத் திருடர்களின் ஞாபகந்தான் வரும். 2020-ஆம் வருஷம் கொரோனா நோய் பரவியபோது அந்த எண்ணம் தலைகீழாயிற்று. முகத்தை மூடாமல் வந்தவனையே ஊர் சந்தேகத்தோடு பார்த்தது! அப்போது வீட்டுக்கு வீடு ஒரு விவாதமும் எழுந்தது. "முகத்தை மூடிக்கொண்டு ஓடினால் மூச்சு முட்டாதா? விட்ட காற்றையே மறுபடியும் இழுத்தால் உடம்பு என்ன ஆவது?" என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள்.

அந்த நோயின் வேகம் தணிந்தது. ஆனால் கேள்வி தீர்ந்தபாடில்லை. தேகப் பயிற்சி செய்யும் வாலிபர்களைவிட, அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களில் உழைத்துப் பிழைக்கும் ஜனங்களுக்கே அது மிகவும் முக்கியமான கேள்வி.

முதலில், உடம்புக்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு நிமிஷத்திற்கு 7, 8 லிட்டர் காற்றுப் போதும். அவனே மூச்சிரைக்க ஓடினால் 100 லிட்டர்கூடத் தேவைப்படும். பிராண வாயுவும் கரியமில வாயுவும் துணியின் கண்களில் சிக்கிக் கொள்பவை அல்ல, தாராளமாகப் போய்வரும். தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. அத்தனை காற்றையும் துணியின் வழியே இழுக்க மார்புத் தசைகள் அதிகமாகப் பாடுபட வேண்டும். விடும் மூச்சின் வெப்பமும் ஈரமும் முகத்திலேயே தங்கும். வியர்வையில் நனைந்த துணியோ மூக்கோடு ஒட்டிக்கொண்டு வழியை இன்னும் அடைக்கும்.

இதை ஆராய்ந்தவர்கள் பலர். கானடாவில் சஸ்காச்சுவான் சர்வகலாசாலையார் ஆரோக்கியமான 14 பேரைக் களைத்துப் போகும்வரை சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். துணி முகமூடியாலும் வைத்தியர் அணியும் முகமூடியாலும் அவர்களுடைய திறமை குறையவில்லை; இரத்தத்தில் பிராண வாயுவும் குறையவில்லை. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து நிபுணர்களோ, நுண்தூசியைத் தடுக்கும் கனத்த முகமூடியை 12 ஆடவர்களுக்கு அணிவித்துச் சோதித்தார்கள். உடம்பு உச்ச அளவில் பிராண வாயுவை ஏற்கும் சக்தி சுமார் 13 சதவிகிதம் குறைந்திருந்தது. இவ்விரண்டும் 2020-ல் வெளியான முடிவுகள். மறு வருஷம் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், துணி முகமூடியுடன் ஓடிய 31 பேர் 14 சதவிகிதம் முன்னதாகவே களைத்து நின்றார்கள்.

முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றலாம். முகமூடியின் கனமும், முகத்தோடு அது பொருந்தும் விதமும், சோதனை முறையும் வேறு வேறு என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் நீங்கும். ஆரோக்கியமானவர்களுக்கு நடையிலும் இலேசான வேலையிலும் முகமூடியால் துன்பம் அதிகமில்லை. உழைப்பு உச்சத்தை எட்டும்போதுதான் அது பாரமாகிறது. கடுமையான தேகப் பயிற்சியின்போது முகமூடி வேண்டாம், பிறரிடமிருந்து விலகி நின்றால் போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்னதும் இதனால்தான்.

பயிற்சி செய்பவர் முகமூடியைக் கழற்றிவிடலாம். தூசியிலும் நஞ்சிலும் உழைப்பவர் என்ன செய்வார்?

சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் அரியலூர்ப் பகுதியில் கடல் இருந்தது. அக்கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தான் இன்று அங்குள்ள ஆலைகள் சிமெண்டு செய்கின்றன. கோடையில் 100 டிகிரியைத் தாண்டும் வெயிலில், 50 கிலோ மூட்டையைத் தூக்குபவரின் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்கட்டும். தோள் துண்டை மூக்கில் கட்டினால் நுண்தூசி உள்ளே போய்விடுகிறது, நல்ல முகமூடி அணிந்தாலோ மூச்சு வாங்குகிறது, வேகம் குறைகிறது. மூட்டைக் கணக்கில் கூலி பெறுபவருக்கு வேகம் குறைந்தால் கூலியும் குறையும். ஆகவே அவர் முகமூடியைக் கழற்றி எறிகிறார். இதை அறியாமை என்று சொல்லலாமா?

பெரம்பலூரில் பருத்தி விளைகிறது. 2017-ஆம் வருஷம் அந்த ஜில்லாவில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் சிலர் நஞ்சேறி உயிரிழந்தார்கள். அதே வருஷம் மகாராஷ்டிரத்து யவத்மாலிலும் இக்கொடுமை நேர்ந்தது. முதுகில் பாரத்தோடு, ஆளுயரச் செடிகளுக்கிடையே நடப்பவர் ஆழ்ந்து மூச்சு விடுவார். அந்த மூச்சோடு நஞ்சும் உள்ளே செல்லும். துணி முகமூடி விஷ ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த தனி முகமூடி வேண்டும். தோல் வழியாகவும் நஞ்சு ஏறுவதால் கையுறையும் முழு உடையும் அவசியம். காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கலாகாது. நடுப்பகல் வெயிலையும் தவிர்க்க வேண்டும்.

முகமூடியைக் கொடுத்துவிட்டதோடு கடமை தீர்ந்தது என்று வேலை வாங்குபவர்கள் நினைக்கலாகாது. முகமூடி உழைப்பின் வேகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்கை யாராவது ஈடுசெய்துதான் ஆக வேண்டும். வேலையின் வேகத்தைச் சிறிது தளர்த்தி, நனைந்ததை மாற்ற உலர்ந்த முகமூடி ஒன்று தந்து, தூசியில்லாத நிழலில் அடிக்கடி ஓய்வு கொடுத்து, அதற்காகக் கூலியில் கைவைக்காமல் இருந்தால் அந்தச் சுமை முதலாளியைச் சேரும். இல்லாவிட்டால் உழைப்பவரின் நுரையீரல்தான் அந்தக் கடனைத் தீர்க்கும். நம் வீட்டுச் சுவரிலுள்ள சிமெண்டிலும், நாம் உடுத்தும் பருத்தித் துணியிலும் அவர்களுடைய மூச்சு கலந்திருக்கிறது. ஆகையால் இதைக் கேட்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.