சில்லு விடை தராதபோது

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கானைச் சுடும் சூளையின் வெப்பத்தை அளந்து காக்கும் மின்னணுக் கருவிகளுள் பலவற்றை இயக்குவது, கணிப்பகுதியும் நினைவகமும் ஒன்றாய் அமைந்த மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சில்லு. அதில் நிரலை ஏற்றும் புரோகிராமர் என்னும் கருவி, முதலில் சில்லின் அடையாள எண்ணைக் கேட்கிறது. விடை வராவிடில் சில்லே இல்லை என அறிவித்துவிடுகிறது.

பழுதான சில்லு என்று அதைத் தூக்கியெறிவது பெரும்பாலும் அவசரமே. மின்னழுத்தம், தரைக்கம்பி, ரீசெட் இணைப்பு ஆகியவற்றை மீட்டரால் சோதித்தாலே பல சிக்கல்கள் தீரும். நுட்பமான காரணம் கடிகாரத் துடிப்பாகும்: ஆலையிலிருந்து வரும் அட்மெகா 328பி சில்லு நொடிக்கு 10 லட்சம் துடிப்பில் ஓடுவதால், புரோகிராமரின் வேகம் அதில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால்தான் அது கேள்வியை உணரும். வெளித்துடிப்பை எதிர்பார்க்குமாறு அமைப்பு மாற்றப்பட்ட சில்லோ, அத்துடிப்பு இல்லாதவரை ஊமையாகவே கிடக்கும். துடிப்பைத் தரும் கிரிஸ்டலையோ, பீங்கான் ஊரார்க்கு உறவான பொருளாகிய செராமிக் ரெசனேட்டரையோ உரிய இரு கால்களில் இணைத்ததும், இறந்ததாக ஒதுக்கப்பட்ட அதே சில்லு தன் அடையாள எண்ணைச் சொல்லத் தொடங்குகிறது.