மடை திறப்பவன் நீரைச் சுமப்பதில்லை



இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில், வடிவமைப்புக் கலை பயின்ற மாணவர்களுக்காக 2005ஆம் ஆண்டில் தோன்றியது ஆர்டுயினோ என்னும் மின்னணுப் பலகை. இன்று அது நம் பள்ளிகளிலும் பழகுகின்றது. அதிலுள்ள நுண்கட்டுப்படுத்திச் சில்லு, நாம் எழுதும் கட்டளைப்படி தன் முனைகளில் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கும், நீக்கும். அம்முனைகளில் வெளிப்பொருள் எதை இணைத்தாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இதற்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்?’

நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்பு, மாணவன் ஒருவன் சிறு மோட்டாரை நேரே முனையில் இணைத்தான். அம்முனை பழுதாயிற்று. வகுப்பின் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். “விளக்கு எரிந்தது ஐயா, மோட்டாரும் சுழலும் என்று எண்ணினேன்” என்றான் அவன்.

விளக்கு ஏன் எரிந்தது? யூனோ வகைப் பலகையின் முனை 5 வோல்ட் தரும். 20 மில்லி ஆம்பியர் வரை அதற்கு ஏற்றது. 40ஐத் தாண்டினால் சில்லு பழுதுறக்கூடும். சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 3 வோல்ட்டை 220 ஓம் மின்தடை ஏற்றால், ஓடுவது சுமார் 14 மில்லி ஆம்பியரே. இக்கணக்கின் விதியை 1827இல் நூலாக வெளியிட்ட ஜார்ஜ் ஓம், பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர்.

மோட்டாரோ, சுழலத் தொடங்கும்போது பல நூறு மில்லி ஆம்பியரைக் கேட்கும். அதற்கு டிரான்சிஸ்டர் வேண்டும். மடை திறக்கும் உழவன் ஏரி நீரைத் தன் தோளில் சுமப்பதில்லை. பலகையைத் தூக்கிவிடுகிறான், நீர் தானே பாய்கிறது. அவ்வாறே, முனையிலிருந்து ஒரு மின்தடையின் வழியே வரும் சிறு மின்னோட்டம் டிரான்சிஸ்டரைத் திறக்க, தனி மின்கல அடுக்கிலிருந்து பெருமின்னோட்டம் மோட்டாருக்குப் பாயும். மின்கல அடுக்கின் எதிர்முனையைப் பலகையின் தரைமுனையோடு இணைக்க மறவாதீர். இணைக்காவிடில் சிறு மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லை. மோட்டாரை நிறுத்தும் கணத்தில் அதன் கம்பிச்சுருள் உயர் மின்னழுத்தத்தை எழுப்பும். அதைத் தணிக்க, மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாக இணைத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றையேனும் அம்மாணவனுக்கு நாங்கள் கற்பித்தோமில்லை. விளக்கை எரியவைத்தோம், கணக்கைச் சொல்லவில்லை. மறுநாள் அதே வகுப்பின் முன் நின்று, பிழை என்னுடையதே என்றேன். பிறகு அவனே கரும்பலகையில் கணக்கிட்டு, டிரான்சிஸ்டரைப் பொருத்தினான். மோட்டார் சுழன்றது.